எடை மேடைக்காரரின் வண்டி

எங்கள் கோதுமை ஊரான டட்டன் பிளாட்டில் கிளெம் நோஸ்கியிடம் திட்டு வாங்காத லாரி டிரைவர் ஒருவன் இருந்தால், அவன் இன்னும் லைசென்ஸ் எடுக்காதவனாகத்தான் இருப்பான். நாற்பத்தோரு அறுவடைக் காலம் அந்த மனுஷர் கோதுமையைக் கொட்டி வைக்கிற சைலோ கோபுரத்தின் வாசலில், எடை மேடைக்குப் பக்கத்துத் தகர அறையில், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெளியே நாற்பத்திரண்டு டிகிரி கொளுத்தும். மூக்கு, கண் என்று பார்க்காமல் ஈ மொய்க்கும். லாரிகள் ஒரு மைல் நீளத்துக்கு வரிசை கட்டி ஹாரன் அடிக்கும். கிளெம் காதில் ஒன்றும் விழாது. முள் எந்த எண்ணில் நிற்கிறதோ அதுதான் அவருக்கு வேதம்.

"இருபது கிலோ கூடுது. இறக்கிட்டு வா."

வாழ்க்கை முழுக்க அவர் அதிகமாகப் பேசிய வசனம் இதுதான். பெண்டாட்டியிடம்கூட இத்தனை தடவை பேசியிருக்க மாட்டார்.

டார்சி பாப்கி என்று ஒரு விவசாயி. கிளெம்மோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர். ஒரு டிசம்பர் மத்தியானம் அவர் லாரி நாற்பது கிலோ கூடிவிட்டது. "மத்தியானம் சாப்பாடு கொஞ்சம் ஜாஸ்தியாயிடுச்சு கிளெம். வேணும்னா என்னைக் கழிச்சுக்கோ" என்றார் டார்சி. "உன்னைக் கழிச்சா லாரியை யாரு ஓட்டுறது? இறக்கு" என்றார் கிளெம். வரிசையில் நின்ற பதினான்கு டிரைவர்களும் வேடிக்கை பார்க்க, டார்சி லாரி மேல் ஏறி மண்வெட்டியால் கோதுமையை அள்ளி அள்ளிக் கீழே தள்ளினார். அந்த மண்வெட்டியை அன்றைக்கே வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொட்டகைச் சுவரில் ஆணி அடித்து மாட்டிவிட்டார். அதற்கு இப்போது இருபத்தாறு வயது. ஒருநாளும் அதை வேறு வேலைக்கு எடுத்ததில்லை.

இப்படிப்பட்ட மனுஷரோடு வெர்னா நாற்பத்தொரு வருஷம் குடும்பம் நடத்தினாள் என்றால் அதற்குப் பொறுமை மட்டும் காரணமில்லை. அவளுக்கு ஒரு தேனிலவு பாக்கி இருந்தது. செப்டம்பரில் கல்யாணம். நாட்டின் வடகோடிக் கடற்கரையில் இருக்கிற டார்வினுக்குப் போவதாகப் பேச்சு. பெட்டியெல்லாம் கட்டிவிட்டார்கள். அந்த வருஷம் பார்த்து அறுவடை முந்திக்கொண்டு வந்தது, சைலோவில் ஆள் தேவைப்பட்டது. "மூணே மாசம் வெர்னா, முடிஞ்சதும் கிளம்பிடலாம்" என்று போய் அந்த ஜன்னலருகே உட்கார்ந்த மனுஷர்தான். அடுத்த வருஷம் எலிப் படையெடுப்பு. அதற்கடுத்து வறட்சி. அப்புறம் நல்ல விளைச்சல். அதுதான் எல்லாவற்றையும்விட மோசம். வெர்னா கட்டிய பெட்டியைப் பிரித்து வைத்தாள், வாயைத் திறக்கவில்லை. மறந்துவிட்டாள் என்று கிளெம் நினைத்தார். பெண்டாட்டி மறந்துவிட்டாள் என்று நினைக்கிறவனைப் போல ஒரு பைத்தியக்காரன் உலகத்தில் கிடையாது.

போன ஜனவரியில் கிளெம் ஓய்வு பெற்றார். கம்பெனி ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தது. அவர் வேறொன்று கேட்டு வாங்கிக்கொண்டார். பழைய முள் தராசை எடுத்துவிட்டு எலெக்ட்ரானிக் மேடை போட்டபோது மூலையில் தள்ளிய எடைக்கற்கள் பதினொன்று. ஒவ்வொன்றும் இருபது கிலோ வார்ப்பிரும்பு, தலையில் அரசு முத்திரை. மேடை சரியாகக் காட்டுகிறதா என்று சோதிக்க வைத்திருந்தவை. அவற்றை வீட்டுக்குக் கொண்டுபோவதைப் பார்த்த வெர்னா, "கடிகாரமே தேவலை" என்றாள்.

மறுவாரமே கையில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்து நின்றாள். உள்ளே டட்டன் பிளாட்டிலிருந்து டார்வின் வரை ஒவ்வொரு ராத்திரி தங்கலும் எழுதியிருந்தது. "மே மாசம். இனிமே அறுவடைன்னு சொல்ல முடியாது பாரு" என்றாள்.

வாங்கினார்கள். பழைய டீசல் பிக்கப் ஒன்று, அதன் பின்னால் மாட்டி இழுக்கக் கட்டில், அடுப்போடு பத்தொன்பது அடியில் ஒரு கேரவன் வீடு. ஒரு சனிக்கிழமை கிளெம் கேரவனைப் பிக்கப்பின் கொக்கியில் மாட்டி, தாங்கு காலைத் தூக்கினார். பிக்கப் அப்படியே பின்பக்கம் குந்தி உட்கார்ந்துவிட்டது. பின் டயர் மட்கார்டுக்குள் புகுந்துகொண்டது, மூக்கு வானத்தைப் பார்த்தது.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம். யார் வீட்டு வாசலில் புது வண்டி நின்றாலும் சாயங்காலம் ஆண்கள் ஒவ்வொருவராக வருவார்கள். டயரை ஒரு உதை உதைப்பார்கள். கையைக் கட்டிக்கொண்டு ஐந்து நிமிஷம் பேசாமல் நிற்பார்கள். அப்புறம் ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பீர் குடிக்கப் போய்விடுவார்கள். அன்றைக்கு அத்தனை பேரும் சொன்ன வார்த்தை "உட்காருது." டார்சி பாப்கி மட்டும் கூடுதலாகப் பேசினார்.

"கிளெம், என் நாய்கூட இப்படித்தான் பின்பக்கத்தைத் தரையில தேய்ச்சுட்டு இருந்துச்சு. பூச்சி மருந்து கொடுத்தேன், சரியாப் போச்சு."

அன்று இருட்டியதும் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார்கள். திரும்பி வந்து இறங்கிய வெர்னா சொன்னாள்: "லைட்டைப் போட்டா ரோடே தெரியல. மரத்துல தூங்குற கிளிதான் தெரியுது. எதிர்ல வர்றவன் எல்லாம் கண்ணைக் கூசிட்டுத் திட்டிட்டுப் போறான். ஸ்டீயரிங்கைப் பிடிச்சிருந்தியா, சும்மா வச்சிருந்தியா?"

"பிடிச்சுத்தான் இருந்தேன். முன்னாடி கொஞ்சம் லேசா இருக்கு."

"வண்டி நேரா நிக்கிற வரைக்கும் நான் ஏறல."

ஊர் முழுக்க வைத்தியர்களாகிவிட்டது. ஒருவர் ஸ்பிரிங் பட்டையை மாற்று என்றார். ஒருவர் இன்னொரு பட்டை சொருகு என்றார். ஒருவர் கொக்கியில் மாட்டுகிற நீளக் கம்பி வேண்டும், பாரத்தை முன் சக்கரத்துக்குத் தள்ளும் என்றார். ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறவர் மட்டும் கீழே படுத்துப் பார்த்துவிட்டு, எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "பட்டை நல்லாத்தான் இருக்கு. முதல்ல எடை போட்டுப் பாருப்பா."

எல்லோரும் கிளெம் முகத்தைப் பார்த்தார்கள். கிளெம் தம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

விஷயம் என்னவென்றால், அவருக்குத் தெரியும். வரிசையில் வருகிற லாரியின் டயர் பிதுங்கலைப் பார்த்தே ஐம்பது கிலோ வித்தியாசம் சொல்லிவிடக்கூடியவர் அவர். தம் பிக்கப் குந்திய குந்தலைப் பார்த்த மாத்திரத்திலேயே எவ்வளவு கூடுதல் என்று மனசுக்குள் விழுந்துவிட்டது. தெரிந்துபோனதால்தான் போகவில்லை. அந்த மேடையில் ஏறி, அந்த ஜன்னலுக்கு வெளியே நின்று, அந்த வசனத்தைக் காதால் கேட்பதைவிட அவர் பல்லைப் பிடுங்கிக்கொள்ளச் சம்மதிப்பார்.

ஆகவே காற்றுப் பை வாங்கினார். பின் அச்சுக்கும் வண்டிச் சட்டத்துக்கும் நடுவில் இரண்டு ரப்பர் பை. பம்ப் வைத்துக் காற்றடித்தால் வண்டியின் பின்பக்கம் தானாக எழும்பும். அடித்தார். எழும்பியது. இன்னும் கொஞ்சம் அடித்தார். வண்டி கோடு போட்ட மாதிரி நேராக நின்றது. தெருவுக்குப் போய்த் தூர நின்று பார்த்து, "ஆச்சா, இப்ப சொல்லுங்கடா" என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார்.

"காத்து அடிச்சா வாலுதான் தூக்கும், எடை குறையாது. சட்டம் ஒருநாள் பள்ளத்துல மடங்கிக்கும், பாத்துக்கோ" என்றார் ஒர்க்‌ஷாப்காரர். நல்லது சொல்கிறவன் வாயை யார் பார்க்கிறார்கள்?

செம்மண் சாலையில் முதல் குழியிலேயே பிக்கப் எம்பிக் குதித்தது. இரண்டாவது குழியில் வெர்னாவின் மேல்பல் செட் மடியில் வந்து விழுந்தது. அவள் அதை எடுத்துத் துடைத்து, கைப்பையில் போட்டு மூடிக்கொண்டு, வீடு வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினாலும் புரிந்திருக்காது என்பது வேறு விஷயம்.

சரி, பையில் காற்றைக் குறைக்க வேண்டும். குறைத்தால் வால் இறங்கும். கிளெம் இரண்டு நாள் யோசித்தார். அவர் யோசனை தராசுக்காரன் யோசனை. ஒரு தட்டு இறங்கினால் என்ன செய்வோம்? மறு தட்டில் கல் வைப்போம். கேரவனின் மூக்குத்தானே கொக்கியை அழுத்துகிறது? கேரவனின் வாலில் பாரம் வைத்தால் மூக்குத் தூக்கிக்கொள்ளாதா? எடைக்கற்களில் எட்டை எடுத்துப்போய்க் கேரவனின் கடைக்கோடியில், கட்டிலுக்கு அடியில் வரிசையாக அடுக்கினார். நூற்றறுபது கிலோ. பிக்கப்பின் பின்பக்கம் அழகாக எழும்பியது. பாரம் கூடிவிட்டது என்று சொல்லி நாற்பத்தொரு வருஷம் ஊரை ஆட்டிப் படைத்தவர், பாரத்தைக் குறைக்கப் பாரம் ஏற்றினார். வேறு எவனுக்கும் இந்தப் புத்தி வந்திருக்காது.

நெடுஞ்சாலையில் ஓட்டிப் பார்க்கப் போனார்கள். எண்பது வரை தேவலோகம். தொண்ணூறைத் தொட்டபோது எதிரே மூன்று பெட்டி கோத்த பெரிய லாரி ஒன்று காற்றைக் கிழித்துக்கொண்டு கடந்தது. அவ்வளவுதான். கேரவன் வாலை ஆட்ட ஆரம்பித்தது. வெர்னா இடது கண்ணாடியில் கேரவனைப் பார்த்தாள். உடனே வலது கண்ணாடியில் பார்த்தாள். திரும்ப இடதில். பிக்கப்பின் பின்பக்கமும் சேர்ந்து ஆடியது. கிளெம் பிரேக்கைத் தொடாமல் காலை எடுத்துவிட்டு, ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மூச்சை அடக்கினார். அரை மைல் தள்ளி வண்டி சாதுவாக நின்றது. அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

வெர்னா கதவைத் திறந்தாள், தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தாள், இறங்கி வீட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள். நான்கு கிலோமீட்டர். கிளெம் எப்படியோ வண்டியைத் திருப்பி, ஜன்னலை இறக்கிக்கொண்டு, நடை வேகத்தில் பக்கத்திலேயே உருட்டிக்கொண்டு வந்தார்.

"ஏறு வெர்னா. ஊரு பாக்குது."

"பாக்கட்டும். உயிரோட இருக்கிறதைப் பாக்கட்டும்."

"மெதுவாப் போலாம். எழுபதுல போலாம்."

"எழுபதுலயா? டார்வின் போய்ச் சேரும்போது எனக்கு எழுபது ஆயிடும்." அவள் நடையை நிறுத்தவில்லை. "கிளெம், ஒண்ணு கேக்கிறேன். அந்த மேடை வீட்டுலேர்ந்து எவ்வளவு தூரம்?"

கிளெம் ரோட்டையே பார்த்துக்கொண்டு வண்டியை உருட்டினார்.

"ஒண்ணரை கிலோமீட்டர். எலிக்குப் பயந்த, வறட்சிக்குப் பயந்த, எல்லாத்துக்கும் நான் சரின்னேன். இப்ப ஒண்ணரை கிலோமீட்டருக்குப் பயப்படற. சனிக்கிழமை காலைல பஸ். நேத்தே சீட்டு போட்டுட்டேன். ஒரு சீட்டு. தேனிலவுக்குத் தனியாப் போற முத பொம்பளை நானாத்தான் இருப்பேன், இருந்துட்டுப் போறேன்."

"எடை போடணும், அவ்வளவுதானே?"

"நான் வண்டியில உக்காந்திருக்கும்போது போடணும். என் பெட்டியோட. எல்லாச் சாமானோட. சனிக்கிழமைக்குள்ள."

கேலியா, கோபமா என்று அவள் குரலில் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் சீட்டு ஒன்றுதான் என்றது கிளெம்முக்கு எங்கோ போய்த் தைத்தது.

இருந்தாலும் மனுஷர் விடுவாரா? கடைசியாக ஒரு குறுக்கு வழி பார்த்தார். குளியலறை எடை மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்து, ஒரு பலகையையும் செங்கல்லையும் வைத்து, கேரவனின் மூக்கை அதன்மேல் இறக்கிப் பார்த்தார். மெஷின் ஒரு எண்ணும் காட்டவில்லை. டப்பென்று ஒரு சத்தம் மட்டும் கொடுத்துத் தட்டையாகிவிட்டது. அது வெர்னாவின் மெஷின். சமையலறை ஜன்னலிலிருந்து அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். திரையை இழுத்து மூடினாள்.

வியாழக்கிழமை காலை ஆறரைக்குக் கிளெம், வெர்னாவையும் அவள் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு மேடைக்கு வண்டியைக் கொண்டுபோனார். எட்டு மணிக்கு முன்னால் அங்கே ஈ காக்கை இருக்காது என்பது அவர் நினைப்பு. விதைப்புக் காலம், உர லாரிகள் விடியும் முன்பே எடைக்கு வரும் என்பதை எடை மேடைக்காரரே மறந்துபோனார். மூன்று லாரி நின்றிருந்தது. நான்கு விவசாயிகள் காபிக் கோப்பையோடு நின்றார்கள். முதலில் நின்றது டார்சி பாப்கியின் லாரி. அவர் லாரியை ஓரங்கட்டி, "நீ முன்னாடி போ ராசா" என்கிற மாதிரி கையை மட்டும் நீட்டினார்.

ஜன்னலுக்குள் கெரின் இருந்தாள். கிளெம்மிடம் பன்னிரண்டு வருஷம் வேலை பழகியவள். தயவு தாட்சண்யம் பார்க்கக்கூடாது, வருகிறவன் உன் அப்பனாக இருந்தாலும் முள்ளை மட்டும் பார் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? வேறு யார்.

பிக்கப்பின் நான்கு சக்கரமும் மேடைமேல், கேரவன் கொக்கியில் மாட்டியபடி தரையில். அப்படி நிறுத்தினால் பிக்கப்பின் எடையோடு கேரவன் அதன்மேல் அழுத்துகிற பாரமும் சேர்ந்து வந்துவிடும். ஓட்டுகிற கிளெம் கீழே இறங்கி நின்றார்; அவர் எடையை முன்கூட்டியே கழித்த வரம்பு மூவாயிரத்து நூறு கிலோ, அதற்கு மேல் போகக்கூடாது. சிவப்பு எண்கள் ஓடி நின்றன. கெரின் பார்த்தாள். ஒருமுறை கண்ணை மூடித் திறந்தாள். ஜன்னலைத் தள்ளினாள்.

"மூவாயிரத்து நானூத்தி எண்பது. முன்னூத்தி எண்பது கிலோ கூடுது, பாஸ். இறக்கிட்டு வாங்க."

குரல், நிறுத்தம், தலையை வெளியே நீட்டாமல் பேசுவது, எல்லாமே கிளெம்மின் அச்சு. நான்கு விவசாயிகளும் காபியைக் குடிக்க மறந்து நின்றார்கள். டார்சி லாரிக்குப் போனார். திரும்பி வந்தபோது அவர் கையில் அந்த மண்வெட்டி இருந்தது.

"இருபத்தாறு வருஷம்" என்று அதை மேடை ஓரத்தில் பக்குவமாகச் சாத்தி வைத்தார். "இதுக்கும் ஒரு நாள் வேலை வரும்னு தெரியும். தினமும் லாரியில போட்டுட்டுதான் வந்தேன், இந்த வாரம் பூராவும்."

"கோதுமை இல்லடா இது, மண்வெட்டி எதுக்கு?" என்றார் கிளெம்.

"சும்மா கைக்கு. நீ இறக்கு."

இறக்கினார். மூளை கலங்கியிருந்ததால் கேரவனின் வாலிலிருந்து ஆரம்பித்தார். எட்டு எடைக்கல்லையும் தூக்கித் தூக்கிச் சிமென்ட் தரையில் வைத்தார். கெரின் எண்ணைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "மூவாயிரத்து ஐந்நூத்தி அறுபது."

டார்சிக்குப் புரையேறிவிட்டது. "எடுக்க எடுக்க ஏறுது. யோவ் கிளெம், இதைத்தான் எங்களுக்கு நாப்பது வருஷமா செஞ்சியா?"

வாலில் பாரம் போனால் மூக்கு அழுத்தும் என்று விளக்கம் சொல்ல வாயெடுத்த கிளெம், தமக்குத் தாமே வைத்துக்கொண்ட சூனியம் என்று உணர்ந்து வாயை மூடிக்கொண்டார். பிக்கப்பின் பெட்டியைத் திறந்தார். டட்டன் பிளாட் மழைத் தண்ணீர் ஆறு கேன் வெளியே வந்தது. வழியில் தண்ணீர் கிடைக்காதா என்று ஒருவர் கேட்டதற்கு, "உப்பா இருக்கும்" என்றார். கருவிப் பெட்டி வந்தது, அதைத் தூக்க இரண்டு பேர் தேவைப்பட்டது. ஏற்கெனவே ஒரு ஸ்டெப்னி தொங்க, மேற்கொண்டு இரண்டு ஸ்டெப்னி. ஜெனரேட்டர். வெல்டிங் மெஷின். கடைசியாக, பின் பட்டை உடைந்தால் மாற்ற ஒரு முழு செட் பட்டை வந்தது.

"பட்டை உடையாம இருக்க, உடைஞ்சா மாத்துற பட்டையை ஏத்தி, அதனாலயே பட்டையை உடைக்கப் பாத்தியா?" என்றார் டார்சி.

"மூவாயிரத்து நூத்தி அறுபது" என்றாள் கெரின். "இன்னும் அறுபது."

பெட்டி காலி. தரையெல்லாம் சாமான், வீட்டை ஏலம் போட வைத்த மாதிரி. கிளெம் கையைத் தட்டிக்கொண்டு, "அவ்வளவுதான், வேற ஒண்ணும் இல்ல" என்றார்.

"பின் சீட்டுக்கு அடியில பாரு" என்றாள் வெர்னா. அவள் முன் சீட்டில் கைப்பையை மடியில் வைத்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். "போர்வையில சுத்தி வச்சிருக்கியே. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

மூன்று எடைக்கல். பதினொன்றில் எட்டுப் போக மீதி மூன்று. கிளெம் கதவைத் திறந்தார், போர்வையை விலக்கினார், கையை அதன்மேல் வைத்தபடி நின்றுவிட்டார்.

"இது எதுக்கு பாஸ்?" கெரின் ஜன்னலை விட்டு வெளியே வந்திருந்தாள்.

"எதுக்குமில்ல."

"எதுக்குமில்லாத அறுபது கிலோவா?" என்றாள் வெர்னா.

கிளெம் போர்வையைப் பார்த்தபடியே சொன்னார்: "இங்க என்னை எல்லாருக்கும் தெரியும். திட்டுறவனுக்குக்கூட என் பேரு தெரியும். டார்வின் ரோட்டுல போர்ட் அகஸ்டா தாண்டி நான் போனதே இல்ல வெர்னா. அங்க நான் யாரு? கேரவன் இழுத்துட்டு வர்ற ஏதோ ஒரு கிழவன். ராத்திரியில இதைத் தொட்டுப் பாத்துக்கலாம்னு நெனச்சேன். பயமா இருந்துச்சு. அவ்வளவுதான்."

டார்சி மண்வெட்டியை எடுத்துப் பின்பக்கம் மறைத்துக்கொண்டார்.

வெர்னா கீழே இறங்கினாள். மேடையைத் தாண்டிச் சிமென்ட் தரையில், அவர் இறக்கிய சாமான்களுக்கு நடுவே போய் நின்றாள். "கெரின், இப்ப எவ்வளவு காட்டுதுன்னு பாரு."

கெரின் உள்ளே எட்டிப் பார்த்தாள். "மூவாயிரத்து நூறு. சரியா இருக்கு."

"அறுபது கிலோ. போன மாசம் டாக்டர் பாத்ததும் அதான். மெஷின்தான் உடைஞ்சு போச்சே, இல்லேன்னா வீட்டுலயே காட்டியிருப்பேன்." அவள் கிளெம்மைப் பார்த்தாள். "கல்லு போனாலும் சரி, நான் போனாலும் சரி. எனக்கு பஸ் சீட்டு இருக்கு. வேணும்னா என்னைக் கழிச்சுக்கோ."

இருபத்தாறு வருஷத்துக்கு முந்திய வார்த்தை. டார்சி நிமிர்ந்து பார்த்தார். கிளெம் கல்லைப் பார்த்தார், வெர்னாவைப் பார்த்தார். சொல்லக் கூடாதுதான், ஆனால் நடந்ததைச் சொல்லித்தான் ஆகவேண்டும்: மனுஷர் யோசித்தார். மூன்று செகண்டு. பக்கத்தில் நின்ற விவசாயி ஒருவர் வாய்விட்டே எண்ணினார்.

பிறகு குனிந்து, ஒன்று, இரண்டு, மூன்று கல்லையும் தூக்கிக்கொண்டு வந்து மற்ற எட்டோடு வைத்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"உன்னைக் கழிச்சா நான் எதுக்குடி போறேன்? ஏறு."

வெர்னா ஏறினாள். மூவாயிரத்து நூறு. கெரின் பச்சை விளக்கைப் போட்டாள். கிளெம் குந்தி உட்கார்ந்து காற்றுப் பைகளின் மூடியைத் திருகினார். புஸ்ஸென்று காற்று இறங்கியது. பிக்கப் நேராகவே நின்றது, அதன் சொந்தப் பட்டைமேல்.

இனி புறப்பட வேண்டியதுதான் என்று அவர் ஏறப்போகும்போது, வெர்னா மறுபடி இறங்கினாள். பின் சீட்டிலிருந்து தன் பெட்டியை இழுத்தாள். டார்வினுக்கென்று தைத்த உடுப்புகள், தொப்பிகள், நீச்சலுடை, செருப்பு நாலு ஜோடி. இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போய் எடைக்கற்கள் பக்கத்தில் வைத்தாள். "டார்சி, ஒரு கல்லை எடுத்து உள்ள வை. எனக்கு இடுப்பு வலி."

டார்சி வைத்தார். கெரின் ஓடிப்போய்ப் பார்த்தாள். எண் அசையவில்லை. பெட்டி இருபது, கல் இருபது.

"என்ன பண்ற வெர்னா? டார்வின்ல எதைப் போட்டுக்குவ?" என்றார் கிளெம்.

"உன் சட்டையை. மூணு செகண்டு யோசிச்சல்ல? பொண்டாட்டியை வச்சுக்கிட்டு அவ்வளவு யோசிக்க வைக்கிற சாமான், ஒண்ணாவது கூட வரட்டும். வண்டியை எடு."

ஜூலையில் எடை மேடைக்கு ஒரு போட்டோ வந்தது. கடற்கரையோரக் கேரவன் பூங்கா, முன்னால் துணிப் பந்தல். பந்தல் கால் காற்றில் பறக்காமலிருக்க அதன்மேல் ஒரு எடைக்கல். அதைச் சுற்றி முன்பின் தெரியாத நான்கு ஆண்கள் பீர் டப்பாவோடு நின்று கிளெம் கைநீட்டிச் சொல்லும் ஏதோ கதையைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பக்கத்தில் நாற்காலியில் வெர்னா, முழங்கால் வரை தொங்கும் சைலோ கம்பெனிச் சட்டையில், பல்செட் முழுக்கத் தெரியச் சிரிக்கிறாள். பின்பக்கத்தில் கிளெம்மின் கையெழுத்து: "தேனிலவு நல்லபடியாகப் போகிறது. பாப்கி வந்தால் இருபது கிலோகூட விடாதே."

கெரின் அதை ஜன்னலுக்கு மேலே ஒட்டினாள். டார்சி பாப்கி தம் மண்வெட்டியைக் கொண்டுவந்து அதற்குக் கீழே மாட்டிவிட்டுப் போனார்.